மேல்மட்ட இரைக்கும் ஜெர்க்பெய்ட்டுக்கும் எந்தத் தூண்டில் நரம்பு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களில் பலர் கடற்கரையில் சாளைத் துண்டைக் கோத்து எறிந்து பழகியவர்கள். அங்கே நரம்பு வாங்கப் போனால் முதலில் கேட்பது, எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான். இனாண்டா, அல்பர்ட் ஃபால்ஸ், மிட்மார் அணைகளில் போலி இரை போட்டு பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கப் போகும்போது அந்தக் கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். ஈயக்குண்டு கட்டிய இரை தரையில் கிடக்கும், நரம்பு எதுவானாலும் அதற்கு ஒன்றுமில்லை. போலி இரையை ஆட்டி உயிர் கொடுப்பதே நரம்பு. ஆகவே அது மிதக்கிறதா மூழ்குகிறதா, எவ்வளவு நீள்கிறது என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், நைலான் நரம்பு ஏறத்தாழ 1.14. நீரின் மேல்தோலிலேயே வெகுநேரம் கிடந்து மெல்லத்தான் இறங்கும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் 0.97, எனவே மிதக்கும். ஃப்ளோரோகார்பன் (சுருக்கமாக ஃப்ளோரோ) 1.78, நேராகக் கீழே போகும். கடைக்காரர் எதைச் சொன்னாலும் இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மேல்மட்ட இரைகள்

இழுத்தால் தண்ணீரைத் துப்பும் பாப்பர், இடவலமாக நடக்கும் பென்சில் இரை ஆகியவற்றுக்கு ஃப்ளோரோ கட்டவே கட்டாதீர்கள். இரை நின்ற இடத்தில் நிற்கும்போது நரம்பு கீழே தொங்கி மூக்கை உள்ளே இழுக்கும். அடுத்த இழுப்பில் பாப்பர் தண்ணீரைத் துப்பாமல் முங்கிவிடும். பென்சில் இரை திரும்ப மறந்து நேராக வரும். இரை சரியில்லை என்று பலர் அதை மாற்றுவார்கள், உண்மையில் மாற்ற வேண்டியது நரம்பு.

சிறிய பாப்பருக்கு 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ நைலான் போதும். 11, 12 சென்டிமீட்டர் நீளமான பென்சில் இரைக்கு 15 முதல் 17 பவுண்டு. நைலான் நன்றாக நீளும். அந்த நீட்சி இங்கே உதவிதான். மூன்று கவை முள் மீனின் உதட்டில் மேலாகத்தான் மாட்டியிருக்கும். பாஸ் துள்ளித் தலையை உதறும்போது நீளாத நரம்பு அதைக் கிழித்துவிடும், நைலான் விட்டுக்கொடுக்கும். நீரைக் கிழித்து மீன் பாய்ந்ததைக் கண்டதும் வெட்டி இழுப்பதும் இதே கேட்டைத்தான் தரும். நரம்பில் பாரம் தெரிந்த பிறகு கோலைச் சாய்த்து இழுங்கள்.

தூரம் எறிய வேண்டுமானால் பிரெய்ட் நல்லது. 30 மீட்டருக்கு அப்பால் நைலானின் நீட்சியில் கையின் அசைவு பாதி கரைந்துபோகும். ரீலில் 30 பவுண்டு பிரெய்ட், முன்னால் 40 முதல் 60 சென்டிமீட்டர் நைலான் முன்நரம்பு, 15 அல்லது 20 பவுண்டில். இந்த முன்நரம்பை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பிரெய்ட் நூல்போலத் தொய்ந்து, இரை திரும்பும்போது முன்பக்க முள்ளில் சுற்றிக்கொள்ளும். விறைப்பான நைலான் அந்த இடத்தில் தள்ளி நிற்கும். பிரெய்ட் கட்டினால் கோல் இளகியதாக இருக்கட்டும், ரீலின் டிராக்கையும் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஆகஸ்ட் காற்றில் பிரெய்ட் வில்லாக வளைந்து இரையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கோல் முனையைத் தாழ்த்திப் பிடித்து, காற்று வரும் திசையிலோ போகும் திசையிலோ எறியுங்கள். குறுக்கே எறிந்தால் இரை உங்கள் பேச்சைக் கேட்காது.

ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் ரப்பர் தவளை போடுவது தனிக் கதை. அங்கே 50 முதல் 65 பவுண்டு பிரெய்ட்டை நேராகத் தவளையிலேயே கட்ட வேண்டும், முன்நரம்பு கூடாது. முடிச்சில் செடி சிக்கும், நைலான் தண்டுகளுக்கு நடுவே வெட்டுப்படும், பிரெய்ட் தண்டை அறுத்துக்கொண்டு வரும்.

ஜெர்க்பெய்ட்

இங்கே கணக்கு தலைகீழ். வெட்டி வெட்டி இழுக்கும் மீன் வடிவப் போலி இரையான ஜெர்க்பெய்ட் நீருக்குள் இறங்கி, இழுப்பை நிறுத்தியதும் அந்தரத்தில் நிற்க வேண்டும். நரம்பும் கூடவே இறங்கினால்தான் அது தன் ஆழத்தைத் தொடும். மிதக்கும் நரம்பு மூக்கை மேலே தூக்கும். அதனால் ஃப்ளோரோ, 8 முதல் 12 பவுண்டு. தெளிந்த நீருக்கு 10 பவுண்டுதான் என் தேர்வு. அதன் விட்டம் 0.26 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தடித்த நரம்புக்கு நீரின் தடை கூடுதல், இரை அவ்வளவுக்கு மேலேயே ஓடும். இதைத் தெரிந்தே பயன்படுத்தலாம்: செடி மேல்மட்டத்துக்கு அருகில் வளர்ந்திருந்தால் அதே இரையை 12 பவுண்டு நைலானில் கட்டுங்கள், செடியின் தலைக்கு மேலே ஓடும்.

ஃப்ளோரோ நீரில் மறைந்துவிடும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். முழுதாக மறையாது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளோரோ 1.42, நைலான் 1.5க்கும் மேல். குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

இழுக்கும் முறையும் நரம்போடு சேர்ந்தது. கோலை வெட்டி இழுத்த உடனே முனையை இரைப்பக்கம் திருப்பித் தொய்வு கொடுங்கள். தொய்வு இருந்தால்தான் இரை பக்கம் மாறிச் சறுக்கும். நரம்பை இறுக்கமாகவே வைத்திருந்தால் அது நேர்கோட்டில் வந்துசேரும். குளிர்காலத்து நீர் சற்று அடர்த்தியானது. கோடையில் அந்தரத்தில் நின்ற அதே இரை ஜூலையில் மெல்ல மேலே ஏறும். அப்போது வயிற்று முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சேர்த்து, கரையோரத்தில் போட்டுச் சோதியுங்கள்.

ஸ்பின்னிங் ரீலில் முழுக்க ஃப்ளோரோ சுற்றினால் சுருள் சுருளாக எகிறி விழும். 15 பவுண்டு பிரெய்ட் சுற்றி, முன்னால் 2 அல்லது 3 மீட்டர் ஃப்ளோரோ வையுங்கள். இரண்டையும் எஃப்ஜி முடிச்சால் இணைத்தால் வளையங்களில் தட்டாது. அது கைவராதவரை இரட்டை யூனி முடிச்சு போதும், பிரெய்ட் பக்கம் மட்டும் எட்டுச் சுற்று.

முடிச்சும் ரீலும்

ஃப்ளோரோ முடிச்சு அறுவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். காய்ந்தபடி இறுக்கினால் நரம்பு உராய்ந்து கருகும். எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள், பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். முடிச்சுக்கு மேலே நரம்பு சுருண்டு நின்றால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். பிரெய்ட்டுக்குப் பாலோமர் முடிச்சு. இரையின் மூக்கில் வளையம் இருந்தால் அதில் நேராகக் கட்டலாம், ஆனால் வளையத்தின் பிளவு வாயில் முடிச்சு போய் அமர்ந்தால் வெட்டிவிடும். வளையம் இல்லாத இரைக்குக் கண்ணி முடிச்சு போடுங்கள், மூக்கு தாராளமாக ஆடும்.

பிரெய்ட் சுற்றுமுன் பத்து மீட்டர் நைலான் அடியில் போடாவிட்டால், மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றும். ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள், விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். தளர்வாகச் சுற்றியது எறியும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றில் புதைந்து, இரை பறந்துபோவதில் முடியும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி அரை மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் வெட்டுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் நைலான் ரீலை விட்டுவைக்காதீர்கள், வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கும்.

கடலில் பாப்பர்

உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் காரிக் என்னும் கடல்மீனுக்கோ பாறை மீனுக்கோ பாப்பர் எறிவதானால் 30 முதல் 40 பவுண்டு பிரெய்ட், ஒன்றரை மீட்டர் 0.60 மில்லிமீட்டர் நைலான் முன்நரம்பு. அங்கேயும் ஃப்ளோரோ பாப்பரின் மூக்கை இறக்கும். ஷாட் மீன் கூட்டம் இருந்தால் அதன் பல் பிரெய்ட்டை ஒரே கடியில் நறுக்கிவிடும், 0.60 நைலான் சில மீன் வரை தாங்கும். அதற்குப் பயந்து நீளமான கம்பி கட்டினால் பாப்பர் தலைகுப்புற நிற்கும், வேண்டுமானால் பத்து சென்டிமீட்டர் மெல்லிய கம்பி போதும். ஷாட் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு, குறைந்தது 30 சென்டிமீட்டர், அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கத் தடை. காரிக் இரண்டு, குறைந்தது 70 சென்டிமீட்டர். டிராக்கை நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் லேசாக நனைத்து நிழலில் உலர்த்துங்கள்.