ரிக்ல நைட் சிப்ட் பாக்கறவங்க தூக்கத்துல பண்ற தப்புங்க

கடல்ல இருக்கற எண்ணெய் ரிக்ல, காலைல நாலரை மணி இருக்கும். அந்த ட்யூட்டில எனக்கு அது மூணாவது நைட்டு. ரிப்பேர் நடக்கறப்ப யாரும் ஆன் பண்ணிடாம இருக்க, ஒரு பம்புக்கு கரண்ட் கட் பண்ணி லாக் போட்டு டேக் மாட்டணும். ஏ பம்புன்னு அந்த வேலைக்குக் குடுத்த பெர்மிட் சீட்டுல தெளிவா எழுதியிருக்கு, நானும் படிச்சேன், வாய்ல சொல்லிக்கிட்டே தான் பேனல் ரூமுக்குப் போனேன், ஆனா போயி பி பம்பு பிரேக்கரை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டுட்டு டேக்ல மட்டும் ஏ-ன்னு எழுதி மாட்டிப்போட்டு வந்துட்டேன். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பட்டனை ஒருக்கா அமுக்கிப் பாக்கறது வழக்கம், மெக்கானிக் அண்ணன் அமுக்குனாரு, ஏ மோட்டார் கிர்ருன்னு சுத்துச்சு. அவரு அமுக்காம நேரா மோட்டாரையும் பம்பையும் சேக்கற கப்ளிங்ல கைய வெச்சிருந்தாருன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு கை கால் நடுங்குதுங்க.

சென்னிமலைப் பக்கம் ஊரு எனக்கு. ரிக்குன்னு சொன்னா நம்மூர்ல திருச்செங்கோட்டு போர்வெல் வண்டின்னு தான் நெனப்பாங்க, இது கடல்ல நிக்கற ரிக்கு. மும்பை ஹைன்னு 1974ல எண்ணெய் கண்டுபுடிச்ச எடம், கரையில இருந்து 160 கிலோமீட்டருக்குக் கிட்ட உள்ள, ஜுஹுல இருந்து ஹெலிகாப்டர்ல போகணும். பன்னண்டு மணி நேர சிப்ட்டு, 14 நாள் வேலை 14 நாள் வீடுன்னு சிலருக்கு, காண்ட்ராக்ட்ல போறவங்களுக்கு 28 நாளோ அதுக்கு மேலயோ. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கமிருந்து ஐடிஐ முடிச்ச பசங்க நெறையப் பேரு இப்ப இந்த வேலைக்கு வர்றாங்க, அவங்களும் நான் பண்ணுன அதே தப்பத் தான் பண்றாங்க, அதனால தான் இத எழுதறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி, 'நம்ம ஒடம்பு தாங்கும், நாம தோட்டத்துல ராத்திரி தண்ணி கட்டுனவங்க'ன்னு நெனக்கற நெனப்ப விட்றணும். இது தைரியம், வைராக்கியம் சம்பந்தப்பட்டது இல்ல. ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, அது வெளிச்சத்த வெச்சு தான் ஓடுது, நீங்க எந்த சிப்ட்டுன்னு அதுக்குத் தெரியாது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபுடிச்ச மூணு பேருக்கு 2017ல நோபல் பரிசு குடுத்தாங்க. விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்கு ஒடம்புச் சூடு இருக்கறதுலயே கொறைஞ்சு போகும், கண்ணு தொறந்திருந்தாலும் மூளை பாதி தூக்கத்துல தான் இருக்கும். நான் பேனல் முன்னாடி நின்ன நேரம் அது தான். தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்கறவன் அளவுக்குத் தடுமாறுவோம்னு ஆய்வுல பாத்திருக்காங்க, நம்ம நாட்டுல வண்டி ஓட்டறவனுக்கு 0.03 சதவீதம் தாண்டுனாலே கேஸு. அப்ப யோசிச்சுக்கோங்க.

ரெண்டாவது, மொத நைட்டுக்கே தூங்காம போறது. இது நாம ஊர்ல இருந்தே பண்ணிட்டுப் போற தப்பு. பங்குனில மாரியம்மன் நோம்பி வந்துச்சுன்னா கெளம்பற நாள் வரைக்கும் கம்பத்தாட்டம் ஆடிட்டு, குர்லா எக்ஸ்பிரஸ்ல ஏறி ஒண்ணரை நாள் அரைத் தூக்கத்துல போயி, காலைல ஹெலிகாப்டர் ஏறி, எறங்குன ஒடனே சேப்டி கிளாஸு, சாயங்காலம் ஆறு மணிக்கு நைட் சிப்ட்டு. அடுத்த நாள் காலைல வேலை முடியறப்ப 24 மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்கோம். நான் அந்த டேக் மாட்டுன தடவையும் இப்படித் தான் போனேன். இப்பெல்லாம் கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்தே ராத்திரி ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் தள்ளிப் படுத்து தள்ளி எந்திரிக்கறேன், மும்பைல ஒரு ராத்திரி முழுசா தூங்கிட்டுத் தான் ஹெலிகாப்டர் ஏறறது, ரிக்ல எறங்குனதும் பேக்கப் போட்டுட்டு மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரமாவது படுத்துடறது. தூக்கம் வருதோ இல்லையோ லைட்ட அணைச்சுட்டுப் படுங்க.

மூணாவது தப்பு பெருசா தெரியாது, ஆனா இது தான் நெறையப் பேரோட தூக்கத்தக் கெடுக்குது. காலைல ஆறு மணிக்கு சிப்ட்டு முடிஞ்சதும் டெக்குல போயி நின்னு, சூரியன் வர்றதப் பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போன் போட்டுப் பேசறது. ஆசையா தான் இருக்கும், நானும் பண்ணிருக்கேன். ஆனா அந்த வெயில் கண்ணுல பட்ட ஒடனே ஒடம்புக் கடிகாரம் 'ஆஹா விடிஞ்சிருச்சு'ன்னு எடுத்துக்கும், அப்பறம் எட்டு மணிக்குப் படுத்தா பன்னண்டுக்குக் கண்ணு தொறந்துக்கும். தரைல நைட் சிப்ட் பாக்கற மில்லுக்காரங்க வெயில்லயே பைக் ஓட்டிட்டு வீட்டுக்கு வரணும், அவங்களுக்கு வேற வழியில்ல. நமக்கு அந்த விசயத்துல ஒரு வசதி இருக்குங்க, வேலை செய்யற எடமும் படுக்கற எடமும் ஒரே இரும்புக்குள்ள. காலைல வெளிய போகாம உள்ள வழியாவே கேபினுக்கு வந்தீங்கன்னா, வெளிய வந்தே ஆகணும்னா கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டீங்கன்னா, ஒரு வாரத்துல ஒடம்பு நைட்டுக்குப் பழகிடும், ஐரோப்பாப் பக்கம் வட கடல்ல இருக்கற எண்ணெய்த் தளங்கள்ல பண்ணுன ஆய்வுலயும் இத தான் சொல்றாங்க. அதுக்கு பதிலா சிப்ட்டோட மொத பாதில, அதாவது சாயங்காலத்துல இருந்து நடு ராத்திரி வரைக்கும், நல்ல வெளிச்சமா இருக்கற எடத்துல வேலை பாருங்க.

டீ பத்தி. மூணு மணிக்கு ஒண்ணு, நாலரைக்கு ஒண்ணு, ஆறு மணிக்கு 'அப்பாடா முடிஞ்சுது'ன்னு ஒண்ணு. குடிச்ச காபி டீல இருக்கற காபீன் பாதியாக் கொறையவே அஞ்சாறு மணி நேரம் ஆகும், நாலரை மணி டீ காலைல பத்து மணிக்கும் ரத்தத்துல பாதி சுத்திக்கிட்டு இருக்கும். எட்டு மணிக்குப் படுக்கறவங்க ராத்திரி ஒண்ணரை ரெண்டோட டீய நிறுத்திக்கோங்க, அதுக்கப்பறம் சுடுதண்ணி குடிங்க. சாப்பாடும் அப்படித் தான், நடு ராத்திரி மெஸ்ல பிரியாணி போட்டா வயிறு முட்டத் தின்னுட்டு ரெண்டு மணிக்கு கண்ட்ரோல் ரூம்ல உக்காந்தா தலை தானாத் தொங்கும், நெஞ்சு எரிச்சல் வேற. பெரிய சாப்பாட்ட சிப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுக்கோங்க, ராத்திரி தயிர் சோறு, வாழப்பழம்னு கொஞ்சமா. காலைல படுக்கப் போறப்ப பட்டினியோட படுக்காதீங்க, ரெண்டு இட்லி போதும்.

கேபின்ல ரெண்டு பேரு நாலு பேரு இருப்போம். ஏசிய 19, 20ல வைங்க, மெத்து மெத்துன்னு இருக்கற காதடைப்ப மெல்லிசா குச்சியாட்டம் உருட்டி காதுக்குள்ள விட்டு அது விரியற வரைக்கும் விரல்ல புடிச்சிருங்க, பாதிப் பேரு சும்மா வாசல்ல சொருகிட்டு சத்தம் கேக்குதுங்கறாங்க. கண்ணுக்கு ஒரு கறுப்புத் துணிப் பட்டி.

ஆனா கேபின் சத்தத்த விட என் தூக்கத்தக் கெடுத்தது போன் தான், இத வீட்ல இருக்கறவங்களும் படிக்கணும். வீட்டம்மா பாவம், மத்தியானம் ரெண்டு மணிக்கு வேலையெல்லாம் முடிச்சுட்டு ஆசையா கூப்பிடுவா, "ஏனுங்க, சாப்பிட்டீங்களா? கரண்ட் பில் எவ்வளவு வந்திருக்குது பாத்தீங்களா?" அவளுக்கு அது மத்தியானம், எனக்கு அது நடு ராத்திரி. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, நான் எப்பத் தூங்கறேன்னு அவகிட்ட ஒழுங்கா சொன்னதே இல்ல. அப்பறம் ஒருக்கா ஊருக்கு வந்தப்ப சமையல்கட்டுல தொங்கற மாசக் காலண்டர்ல நைட் சிப்ட் தேதியெல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டு, கீழ 'காலைல 8ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் அப்பா தூங்கறாரு'ன்னு என் பொண்ணு கையாலயே எழுத வெச்சேன். இப்ப சரியா நாலரைக்குத் தான் போன் வரும். அவசரம்னா ரிக் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிருக்கேன், அந்த நம்பர் அவகிட்ட இருக்கறதாலயே எனக்கு வெசனம் இல்லாம போன ஆஃப் பண்ண முடியுது.

இன்னொண்ணு நம்ம கைல இல்லாதது, ஆனா வாயத் தொறந்து கேக்கலாம். காலைல பத்து மணிக்கு அலாரம் அடிச்சு லைஃப் போட் டிரில் வெப்பாங்க, நைட் ஆளுங்களும் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு ஓடணும், வாராவாரம் அதே நேரம். டிரில் வேண்டாம்னு யாரும் சொல்லல, ஒரு வாரம் காலைல ஒரு வாரம் சாயங்காலம் சிப்ட் மாறற நேரத்துல வைங்கன்னு கேளுங்க, நாங்க கேட்டோம், மாத்துனாங்க. கப்பல்ல வேலை பாக்கறவங்களுக்கு உலக அளவுல ஒரு விதி இருக்கு, 24 மணி நேரத்துல 10 மணி நேரம், ஏழு நாள்ல 77 மணி நேரம் ஓய்வு, அந்த 10 மணி நேரத்த ரெண்டு துண்டுக்கு மேல ஒடைக்கக் கூடாது, அதுல ஒண்ணு ஆறு மணி நேரமாவது இருக்கணும். இதத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பேசுனா மேல இருக்கறவங்களும் காது குடுத்துக் கேப்பாங்க.

ஏழு நாள் நைட்டு ஏழு நாள் டேன்னு மாத்தி விடறது சில ரிக்ல இருக்கு. கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் சொச்சம் தான் நகரும், ஒரு வாரம் கஷ்டப்பட்டு நைட்டுக்கு வந்த ஒடம்ப அன்னிக்கே திருப்பிப் போட்டா அது ரெண்டுங்கெட்டான் நெலமைல நிக்கும். மாறற அன்னிக்கும் அடுத்த ரெண்டு நாளும் கிரேன், உயரத்துல ஏறறது, கரண்ட கட் பண்ணிப் பூட்டுப் போடற ஐசொலேசன் மாதிரி வேலையெல்லாம் வந்தா இன்னொரு ஆளக் கூட்டிப் பக்கத்துல நிக்க வெச்சு செக் பண்ணிக்கோங்க. 'தூக்கமா இருக்குது'ன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்றது கேவலம் இல்ல. முடிஞ்சா 20 நிமிசம் கண்ணயர விடச் சொல்லுங்க, அதுக்கு மேல ஆழ்ந்து போயிட்டா எந்திரிச்சதும் ஒரு மந்தம் இருக்கும், எந்திரிச்சு கால் மணி நேரத்துக்கு மெசின்ல கை வைக்காதீங்க.

ஊருக்கு வர்ற நாளு தான் இருக்கறதுலயே ஆபத்தான நாளுன்னு நான் சொல்லுவேன். நைட்டு முடிச்சுட்டு காலைல ஹெலிகாப்டர், மத்தியானம் பிளைட்டு, பொழுதோட கோயம்புத்தூர்ல எறங்கி, அங்க விட்டிருந்த கார எடுத்துக்கிட்டு நானே ஓட்டுனேன். அவிநாசி தாண்டுனதோ பெருந்துறைல திரும்புனதோ ஞாபகமே இல்ல. கீழ்பவானி வாய்க்கால் மேட்டுக்கிட்ட டயர் சரள் மேல ஏறுன சத்தத்துல தான் முழிச்சேன், முன் சக்கரம் கரைல நிக்குது, கீழ தண்ணி முழுசா போயிட்டிருக்கு. எறங்கி அந்த மண்ணுலயே உக்காந்துட்டேன். மச்சானுக்குப் போன் பண்ணேன், அவன் வந்து "மாமா, ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் வந்திருக்க மாட்டனா"ன்னு கேட்டான். அன்னில இருந்து வர்ற அன்னிக்கு வண்டிச் சாவியத் தொடறதில்ல. ஜன்னலத் தொறந்து விட்டா, பாட்டுப் போட்டா தூக்கம் போயிடும்னு நம்பாதீங்க, போகாது.

வந்த மறு நாளே காது குத்து, சீரு, கிடா வெட்டுன்னு ஒறம்பரை வீடு வீடா போறது அடுத்த தப்பு. தூக்கம் வரலைன்னு ராத்திரி ரெண்டு பெக் போடறது அத விட மோசம், குடிச்சா சீக்கிரம் கண்ணு சொக்கும் ஆனா ரெண்டு மணிக்கு மேல தூக்கம் துண்டு துண்டா ஒடைஞ்சு போகும், ஒரு மாசம் கடல்ல தொடாம இருந்துட்டு வந்து இத மருந்தாட்டம் ஆரம்பிச்சவங்க சிலரு விட முடியாம கெடக்கறாங்க. சளிக்கும் அரிப்புக்கும் குடுக்கற அவில் மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கறதும் வேண்டாம், அடுத்த நாள் வரைக்கும் மந்தமா வெச்சிருக்கும். நைட்ல இருந்து வந்தா மொத மூணு நாலு நாளைக்குப் பெருசா எதும் வெச்சுக்காதீங்க. பகல்ல ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல படுக்காம, காலைல தோட்டத்துப் பக்கம் வெயில்ல நடங்க, இங்க அந்த வெயில் தான் மருந்து. எங்கூட்டுக்குப் பக்கத்துல தறி ஓடுது, பகல்ல படுத்தாலும் தடக் தடக்னு கேட்டுக்கிட்டே இருக்கும், அதனால நான் தெக்கால ரூம்ல பேனை வேகமா சுத்த விட்டுப் படுக்கறேன், அந்த இரைச்சல்ல தறிச் சத்தம் அமுங்கிடும். எங்கம்மா மொதல்லெல்லாம் "ஏஞ்சாமி, மேலுக்கு சொகமில்லையா, இப்படிப் பகல்லயே படுத்துக் கெடக்கறே"ன்னு அரை மணிக்கொருக்கா எழுப்புவாங்க. இப்ப வாசல்ல உக்காந்துக்கிட்டு வர்றவங்கள அவங்களே பொட்டாட்டத் திருப்பி அனுப்பறாங்க.

இத்தனையும் சரியாப் பண்ணியும் லீவுல ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் அசதி போகலைன்னா, கொறட்டை பலமா இருந்து நடுவுல மூச்சு நிக்கற மாதிரி இருக்குதுன்னு வீட்ல சொன்னாங்கன்னா, அத சிப்ட் மேல பழி போட்டுட்டு விட்டுடாதீங்க. தூக்கத்துல மூச்சு அடைக்கற நோயா இருக்கலாம், கோயம்புத்தூர்லயே ஒரு ராத்திரி படுக்க வெச்சு டெஸ்ட் எடுக்கறாங்க. டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துக்கு, எத்தன மணிக்குப் படுத்தேன், எத்தன மணிக்கு முழிச்சேன், எந்த சிப்ட்டு, கடைசி டீ எப்பன்னு ஒரு பாக்கெட் டைரில எழுதிக்கிட்டுப் போங்க, அவரு கேக்கற பாதிக் கேள்விக்கு பதில் அதுலயே இருக்கும்.