பூட்டிய மூலக்கூறுகளை வினையூக்கிகளாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அச்சின் மேல் வளையம் ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அது கழன்றுவிடாதபடி இரு முனைகளிலும் பருத்த தொகுதிகள் தடுப்பதே ரோட்டாக்சேன்; இரண்டு வளையங்கள் சங்கிலிக் கண்ணிகளைப்போல் கோத்துக்கொண்டால் அது கேட்டனேன். இவற்றை வினையூக்கிகளாகச் சோதிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கண்ட பலன் அனைத்தையும் அந்தப் பூட்டின், அதாவது பகுதிகள் கழலாமல் கோத்து நிற்கும் அமைப்பின், கணக்கிலேயே எழுதிவிடுவதுதான்.

வேதியியலாளர் டேவிட் லீ குழுவினர் 2012இல் வெளியிட்ட ரோட்டாக்சேனை எடுத்துக்கொள்வோம். அதன் அச்சிலுள்ள அமீன் என்னும் நைட்ரஜன் தொகுதி, அமிலத்தில் புரோட்டானை ஏற்று அம்மோனியமாகும்போது கிரௌன் ஈதர் (ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட பெரிய வளைய மூலக்கூறு) வளையம் அதன்மேல் அமர்ந்து மறைக்கிறது. காரம் சேர்த்ததும் வளையம் அச்சின் இன்னொரு இடமான, நேர்மின்னேற்றம் கொண்ட ட்ரையசோலியம் பகுதிக்கு நகர, வெளிப்பட்ட அமீன் வினையை ஊக்குகிறது. இத்தகைய அமைப்பைக் கையாளும்போது, அமிலத்தில் வினை நின்றதற்கு வளையம் மறைத்தது காரணமா, அல்லது அமீன் புரோட்டானை ஏற்றதே காரணமா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு வளையமே இல்லாத அச்சை அதே அமிலத்திலும் காரத்திலும் சோதிப்பதோடு, அச்சையும் வளையத்தையும் பூட்டாமல் வெறுமனே கலந்தும் பார்ப்பது அவசியம். தயோல் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) போன்றவை சேரும் வினைகளைக் காரம் தானாகவே விரைவுபடுத்தக்கூடும் என்பதால், வளையத்தை நகர்த்துவதற்காகச் சேர்த்த காரத்தின் எச்சத்தையும் தனியே சோதிக்க வேண்டும்; பலரும் சோம்பல்படும் இடம் இதுதான்.

ஒப்பீட்டை முறையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, வேதியியலாளர் நீமையர் குழுவினர் 2017இல் வெளியிட்ட கேட்டனேன் நல்ல சான்று. பூட்டப்படாத ஒத்த மூலக்கூறுகளைவிட அது மிக உயர்ந்த எனன்டியோமர் தெரிவை (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு விளைபொருள்களில் ஒன்றையே அதிகம் தரும் தன்மையை) காட்டியது. தெரிவைத் தீர்மானிக்கும் படியில் இரண்டு அமிலத் தொகுதிகள் சேர்ந்து பங்கேற்பதே அதற்குக் காரணம் எனக் கணக்கீடுகள் சுட்டின. பூட்டு அவ்விரண்டையும் அருகருகே வைத்திருப்பதால், இங்கே அதற்குப் பெருமை சேர்ப்பது நியாயமே.

வளையம் ஒரே இடத்தில் உறைந்து நிற்பதாக எண்ணுவதும் தவறு. அது சமநிலையில் அலைகிறது. குளோரோபார்மில் எடுத்த என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையை வைத்துக்கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தும் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) என்னும் கரைப்பானில் நடக்கும் வினையை விளக்க முயல்வது பொருந்தாது. வளையத்தின் இருப்பிடத்தை வினை நடக்கும் கரைப்பானிலேயே, வினை நடக்கும் வெப்பநிலையிலேயே அளக்க வேண்டும்.

சூடாக்கும்போது, வளையத்தைத் தடுக்க மயிரிழையில் மட்டுமே போதுமான அளவுள்ள முனைத் தடுப்புகளைத் தாண்டி வளையம் நழுவக்கூடும். தூய்மையும் கவலைக்குரியது: வளையம் கோக்கப்படாத அச்சு சிறிதளவு கலந்திருந்தாலும், மந்தமான ரோட்டாக்சேனைவிட அதுவே வேகமாக வேலைசெய்து முடிவைத் திரித்துவிடலாம். ஆகவே வினை முடிந்தபின் வினையூக்கியை மீட்டெடுத்து, அது இன்னும் பூட்டிய நிலையில்தான் இருக்கிறதா என்று மீண்டும் நிறமாலை எடுத்துப் பார்ப்பது நல்லது.