இன்லைன் ஃப்ரேம் சோதனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல்களில் பிழை தேட உதவும் டீபக்கரான ஜிடிபியில் (GDB), ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும் ஒரு ஃப்ரேமாகத் தெரியும். ஃபங்ஷனின் உடலை அதை அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் பதித்துவிடுவதுதான் இன்லைன் செய்வது; அப்படிப் பதிந்த அழைப்புக்கு ஜிடிபி காட்டுவது இன்லைன் ஃப்ரேம். ஜிடிபியின் பைத்தான் வசதியில் இந்த ஃப்ரேம்களுக்குச் சோதனை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே வழுக்குகிறார்கள். கம்பைலர் அந்த ஃபங்ஷனை இன்லைன் செய்திருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். சி மொழியில் 'இன்லைன்' என்பது வேண்டுகோள் மட்டுமே. ஜிசிசி (GCC) கம்பைலரில் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் அது சாதாரண அழைப்பாகவே நின்றுவிடும்.

நான் எழுதிய சோதனை ஒன்று இப்படித்தான் நாட்கணக்கில் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. அழைப்புகளின் பட்டியலான பேக்ட்ரேஸில் பெயர்களும் சரி, வரிசையும் சரி. ஃப்ரேமின் டைப்பைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் நார்மல் ஃப்ரேம்கள். நான் சோதிக்க நினைத்தது அங்கே இருக்கவே இல்லை. ஆகவே, கட்டாயம் இன்லைன் செய்யச் சொல்லும் 'ஆல்வேஸ் இன்லைன்' அட்ரிபியூட்டை ஃபங்ஷனில் சேர்த்துவிடுங்கள். வேறு எதையும் கேட்பதற்கு முன் டைப்பைக் கேளுங்கள். அதையும் எண்ணாகப் பார்க்காதீர்கள். இன்லைன் ஃப்ரேமின் மதிப்பு 2. வெளியீட்டில் 2 என்று தேடும் பேட்டர்ன், 12 வந்தாலும் பொருந்திவிடும். அந்த மதிப்புக்கு ஜிடிபி வைத்திருக்கும் மாறிலியின் பெயரோடு ஒப்பிட்டு 'ட்ரூ' வருகிறதா என்று பாருங்கள்.

நிரலை நிறுத்தும் பிரேக்பாயின்ட்டை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். இன்லைன் பகுதியின் முதல் கட்டளையிலேயே நிரல் நின்றால், ஜிடிபி அந்த ஃப்ரேமை மறைத்து, அழைத்த ஃபங்ஷனில் நிற்பதாகக் காட்டக்கூடும். அப்போது 'ஸ்டெப்' கொடுத்தால் ஒரு கட்டளைகூட ஓடாமலேயே உள்ளே நுழைந்துவிடும். இந்த மயக்கத்தைத் தவிர்க்க எளிய வழி உண்டு. இன்லைன் ஃபங்ஷனுக்குள்ளிருந்து, தனிக் கோப்பில் இருக்கும் உண்மையான ஃபங்ஷன் ஒன்றை அழையுங்கள். அதில் நிறுத்தி, 'அப்' கொடுத்து மேலே ஏறுங்கள். ஜிடிபியின் சொந்தச் சோதனைகளிலும் இந்த முறையைக் காணலாம்.

பிசி (ப்ரோக்ராம் கவுன்ட்டர்) காட்டும் கட்டளை முகவரியைக் கொண்டு ஃப்ரேம்களைப் பிரித்தறிய முயல வேண்டாம். இன்லைன் ஃப்ரேமும் அதை அழைத்த ஃப்ரேமும் ஒரே ரெஜிஸ்டர்களைப் பகிர்கின்றன. இரண்டுக்கும் பிசி ஒன்றுதான். அந்தச் சமத்துவத்தையே ஒரு சோதனையாக எழுதலாம். ஃப்ரேம் ஆப்ஜெக்ட்களை நேரடியாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று வர வேண்டும். வரி எண்ணையும் விடாதீர்கள்: வெளி ஃப்ரேம், இன்லைன் ஃபங்ஷனை அழைத்த வரியைக் காட்ட வேண்டும். டீபக்கருக்காகக் கம்பைலர் எழுதிவைக்கும் டிவார்ஃப் (DWARF) தகவலில் அந்த வரி தனியே பதிவாகிறது.

கடைசியாக, நிரலைத் தொடர்ந்து ஓட்டிய பிறகு பழைய ஃப்ரேம் ஆப்ஜெக்டைப் பலரும் சோதிப்பதில்லை. இன்லைன் பகுதி முடிந்ததும் 'ஈஸ் வேலிட்' என்ற கேள்விக்கு 'ஃபால்ஸ்' வர வேண்டும். அதன் பெயரைக் கேட்டால் எக்ஸப்ஷன் எழ வேண்டும்.