விமான மியூசியத்தில் விளக்குகளைக் கவனியுங்கள்

லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்துக்கு அனுமதி இலவசம். கோலிண்டேல் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். எல்லோரும் இன்ஜினையும் துப்பாக்கியையும் படம் எடுப்பார்கள். நீங்கள் முதலில் இறக்கை நுனிகளைப் பாருங்கள். விமானத்தின் இடது நுனியில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. எதிரே நின்றால் சிவப்பு உங்கள் வலப்பக்கம் வரும். இரவில் எதிரே வரும் விமானத்தை விமானி இதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்.

பழைய விமானங்களில் பல்பு சாதாரணமானதுதான், நிறம் மேலே மூடிய கண்ணாடியில் இருக்கும். எரியாதபோது அது கறுப்பாகவே தெரியும். மொபைல் டார்ச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நிறம் தெளியும். ஃப்ளாஷ் வேண்டாம், வெறும் பளபளப்புதான் படத்தில் விழும்.

அப்புறம் லங்காஸ்டர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். அதன் அடிவயிற்றைக் குனிந்து பாருங்கள். 1943 மே மாதம் ஜெர்மன் அணைகளைத் தாக்கிய பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் பிரிவின் லங்காஸ்டர்களில் அந்த இடத்தில்தான் இரண்டு விளக்குகளைப் பொருத்தினார்கள். குண்டு போட மிகத் தாழ்வாகப் பறக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தாழ்வில் உயரமானியை நம்ப முடியாது. இரண்டு ஒளிவட்டங்களும் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் 60 அடி. இங்கே நிற்பது அந்தத் தாக்குதலுக்குப் போனதல்ல, ஆனால் அதே ரகம்.