பாட் ஏன் செத்துச் செத்துப் பிழைக்கிறது? கன்டெய்னர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்டெய்னர் (நிரலைத் தனி அறையில் வைப்பதுபோல் பிரித்து ஓட்டும் முறை) ஓடும் சர்வரில், ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை வெளியே இருந்தபடியே கொடுத்துப் பாருங்கள். உள்ளே ஓடும் நிரல் அந்தப் பட்டியலில் சாதாரண லினக்ஸ் ப்ராசஸாக 48213 போன்ற ஏதோ ஓர் எண்ணோடு நிற்கும். கன்டெய்னருக்குள் போய் அதே கட்டளையைக் கொடுத்தால் அதன் எண் 1. ப்ராசஸ் ஒன்றுதான், பார்க்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறுகிறது. இப்படிப்பட்ட கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிப்பது குபெர்நெட்டிஸ். அதில் நோட் என்பது ஒரு சர்வர், பாட் என்பது சேர்ந்து ஓடும் ஒன்று அல்லது சில கன்டெய்னர்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குக் கன்டெய்னர் என்று தனியாக ஒன்றைத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டு. நேம்ஸ்பேஸ், ஒரு ப்ராசஸின் கண்ணுக்கு எது தெரியலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. சிகுரூப், அது எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அளந்து தடுக்கிறது. சிகுரூப் 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-இலேயே வந்துவிட்டது, கன்டெய்னர்களைப் பரவலாக்கிய டாக்கர் வந்தது 2013-இல். இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை மறந்து, கன்டெய்னரைக் குட்டி விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) நினைப்பதில்தான் கீழே வரும் தவறுகளில் பாதி தொடங்குகிறது.

மெமரி: வரம்பு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது

64 ஜிபி ரேம் உள்ள நோடில், 1 ஜிபி லிமிட் (தாண்டக்கூடாத வரம்பு) வைத்த ஒரு பாட் ஓடுகிறது. உள்ளே போய் ஃப்ரீ கட்டளையைக் கொடுத்தால் 64 ஜிபி என்றே காட்டும். வரம்பைப் போட்டது சிகுரூப். ஆனால் ரேம் அளவை மறைக்க நேம்ஸ்பேஸ் எதுவும் இல்லை. பழைய ஜாவா இதில்தான் ஏமாந்தது. மொத்த ரேமில் கால் பங்கு ஹீப் (நிரலின் தரவு தங்கும் மெமரி) என்ற அதன் இயல்பான கணக்குப்படி 16 ஜிபி வரை போகலாம் என்று எண்ணிக்கொள்ளும். 1 ஜிபியைத் தாண்டியதும் கர்னல் கொன்றுவிடும். ஜாவா 10-உம், ஜாவா 8-இன் 191-வது அப்டேட்டும் வந்த பிறகு ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் சிகுரூப் வரம்பைப் படிக்கத் தொடங்கியது.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. இப்போது நடப்பது அதற்கு நேர் எதிரான தவறு: லிமிட் 1 ஜிபி, ஹீப்பும் 1 ஜிபி. ஜேவிஎம்முக்கு ஹீப் மட்டும் போதாது. மெட்டாஸ்பேஸ், ஜேஐடி தொகுத்த கோட், நேரடி பஃபர்கள், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 1 எம்பி வரை ஸ்டாக் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இருப்பவை. த்ரெட் 200 இருந்தால் அதற்கே 200 எம்பி வரை போகலாம். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் லிமிட்டில் கால் பங்கைத்தான் ஹீப்பாக எடுக்கும். 1 ஜிபிக்குக் காசு கொடுத்து 256 எம்பியில் ஓட்டுவோம். லிமிட்டில் எத்தனை சதவீதம் ஹீப்புக்கு என்று சொல்லும் மேக்ஸ் ரேம் பெர்சென்டேஜ் அளவுருவை 70 அல்லது 75-இல் வைத்துத் தொடங்கி, உண்மையான பயன்பாட்டைப் பார்த்து மாற்றுவது சரியாக இருக்கும்.

செத்த பிறகு வரும் எக்ஸிட் கோட் 137. அது 128 கூட்டல் 9. ஒன்பது என்பது ப்ராசஸை உடனே கொல்லும் சிக்கில் சிக்னல். இதைப் பார்த்தவுடன் மெமரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிறுத்தச் சொல்லியும் நிற்காத ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொன்றாலும் இதே 137-தான். பாட்டின் விவரத்தில் ‘ஓஓஎம் கில்ட்’ (மெமரி போதாமல் கொல்லப்பட்டது) என்ற காரணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே லிமிட்டை ஏற்றுங்கள். நிரலின் லாகில் தேடிப் பயனில்லை. சிக்கிலைப் பிடித்து ஒரு வரி எழுதிவைக்க எந்த நிரலுக்கும் அவகாசம் கிடைப்பதில்லை.

சிபியு: டாஷ்போர்டில் 20 சதவீதம், பயனருக்கோ ஒரே தாமதம்

மெமரி வரம்பைத் தாண்டினால் சாவு. சிபியு வரம்பைத் தாண்டினால் காத்திருப்பு. இதைப் பிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் எதுவும் உடைவதில்லை.

லிமிட்டை 500 மில்லிகோர் (அரை கோர்) என்று எழுதினால், கர்னல் அதை 100 மில்லிசெகண்டுக்கு 50 மில்லிசெகண்ட் சிபியு நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நிரலில் நான்கு த்ரெட்கள் நான்கு கோர்களில் ஒரே சமயத்தில் ஓடினால் அந்த 50 மில்லிசெகண்ட் 12.5 மில்லிசெகண்டிலேயே தீர்ந்துபோகும். மீதி 87.5 மில்லிசெகண்ட் நான்கும் கைகட்டி நிற்கும். மொத்தம் 100 மில்லிசெகண்ட் சிபியு வேலை கேட்கும் ஒரு கோரிக்கை, தடை இல்லையென்றால் 25 மில்லிசெகண்டில் முடிந்திருக்கும். இப்போது 112.5 ஆகிறது. இப்படி விநாடிக்கு ஒரு கோரிக்கை மட்டும் வந்தால், லிமிட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவாகிறது என்று சராசரி வரைபடம் நிம்மதியாகச் சொல்லும். பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, சிகுரூப்பின் சிபியு புள்ளிவிவரத்தில் த்ராட்டில் ஆன (நிறுத்திவைக்கப்பட்ட) தடவைகளின் எண்ணிக்கையை. அது ஏறிக்கொண்டே போனால் லிமிட்தான் குற்றவாளி.

கோ மொழியில் எழுதியவர்களுக்கு இது இன்னும் மோசம். கோ 1.25-க்கு முந்தைய பதிப்புகள் லிமிட்டைப் பார்க்காமல், நோடில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை த்ரெட்களில் நிரலை ஓட்டும். 32 கோர் நோடில் அரை கோர் லிமிட் வைத்தால் விளைவைச் சொல்லவே வேண்டாம். அந்தப் பதிப்புகளில் த்ரெட் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் கோமேக்ஸ்ப்ராக்ஸ் மதிப்பை நாமே குறைக்க வேண்டும்.

என் பரிந்துரை: மெமரிக்கு ரிக்வெஸ்ட்டும் (பாட் தனக்கென ஒதுக்கக் கேட்கும் அளவு) லிமிட்டும் ஒரே எண். சிபியுவுக்கு ரிக்வெஸ்ட் கட்டாயம், லிமிட் யோசித்துப் போட வேண்டியது. நெருக்கடி நேரத்தில் சிபியுவைப் பங்கிடுவது ரிக்வெஸ்ட் விகிதப்படிதான் என்பதால், எல்லாரும் அதை ஒழுங்காக எழுதியிருந்தால் லிமிட் இல்லாமலே பெரும்பாலும் தப்பிக்கலாம். பல குழுக்கள் பகிரும் கிளஸ்டரில் (நோடுகளின் தொகுப்பில்) இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ரிக்வெஸ்ட் பற்றி இன்னொன்று. பாட்டை எந்த நோடில் வைப்பது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர், நோடின் உண்மையான பயன்பாட்டைப் பார்ப்பதே இல்லை, எழுதிவைத்த ரிக்வெஸ்ட்களைக் கூட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். 8 கோர் நோடில் ஒவ்வொரு பாட்டும் 2 கோர் கேட்டால், மூன்றுதான் உட்காரும். நான்காவது பென்டிங்கில் நிற்கும், ஏனெனில் சிஸ்டத்துக்கும், நோடில் கன்டெய்னர்களைக் கவனிக்கும் கியூப்லெட்டுக்கும் ஒதுக்கியது போக முழு 8 மிஞ்சுவதில்லை. நோட் காலியாகக் கிடந்தாலும் இதே கதைதான். ரிக்வெஸ்ட், லிமிட் எதுவுமே எழுதாத பாட்டுக்கு இடம் எளிதில் கிடைக்கும். நோடில் மெமரி நெருக்கடி வரும்போது பெரும்பாலும் முதலில் வெளியேற்றப்படுவதும் அதுதான்.

நிறுத்தச் சொன்னால் நிற்காத நிரல்

புதுப் பதிப்பு ஏற்றும்போது ஒவ்வொரு பாட்டும் சரியாக 30 விநாடி இழுத்துவிட்டுச் சாகிறதா? நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் உங்கள் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு காரணங்கள் வழக்கம். ஒன்று, என்ட்ரிபாயின்ட் (கன்டெய்னர் முதலில் ஓட்டும் கட்டளை) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்: எண் 1 ஷெல்லுக்குப் போய்விடுகிறது, அது வந்த சிக்னலைப் பிள்ளைக்குக் கடத்துவதில்லை. ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் நிரலின் பெயருக்கு முன்னால் எக்ஸெக் என்று சேர்த்தால் ஷெல் இருந்த இடத்தில் நிரலே உட்கார்ந்துகொள்ளும். இரண்டு, எண் 1-க்குக் கர்னல் தரும் சலுகை. சாதாரண ப்ராசஸ் சிக்டெர்மைக் கையாளாவிட்டால் செத்துப்போகும். எண் 1 கையாளாவிட்டால் அந்த சிக்னலே கண்டுகொள்ளப்படாது. லேப்டாப்பில் நேராக ஓட்டும்போது ஒழுங்காக நின்ற பைத்தான் நிரல் கன்டெய்னரில் அசையாமல் நிற்பது இதனால்தான். கையாளும் ஃபங்ஷனை எழுதுங்கள், அல்லது டினி போன்ற சிறிய இனிட்டை (சிக்னலை நிரலுக்குக் கடத்தும் முதல் ப்ராசஸை) எண் 1-ஆக வையுங்கள்.

அதைச் சரிசெய்த பிறகு புதிதாக ஒரு தொல்லை தலைகாட்டும்: ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டின்போதும் சில 502 பிழைகள். சிக்டெர்ம் அனுப்புவதும், கோரிக்கைகளைப் பாட்களுக்குப் பிரித்தனுப்பும் சர்வீஸின் முகவரிப் பட்டியலிலிருந்து பாட்டை நீக்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை அல்ல; இணையாக நடக்கின்றன. எல்லா நோடுகளிலும் டிராஃபிக்கைத் திருப்பும் ஐபிடேபிள்ஸ் விதிகள் மாறுவதற்குள் நிரல் கடையை மூடிவிட்டால், அந்த இடைவெளியில் வந்த கோரிக்கைகள் கதவில் மோதும். ப்ரீஸ்டாப் ஹுக்கில் (சிக்டெர்முக்கு முன் ஓடும் கட்டளையில்) 5 முதல் 10 விநாடி உறக்கம் வைப்பது பார்க்க அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்யும். அந்த உறக்கமும், நிற்பதற்குத் தரப்படும் 30 விநாடிக் கணக்குக்குள்தான் வரும்.

லைவ்னஸில் டேட்டாபேஸைச் சோதிப்பது

இதைவிடப் பெரிய சேதத்தை இவ்வளவு சின்ன வரியால் செய்ய முடியாது. லைவ்னஸ் ப்ரோப் (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) தோற்றால் கியூப்லெட் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யும். ரெடினஸ் (கோரிக்கையை ஏற்கத் தயாரா என்ற சோதனை) தோற்றால் டிராஃபிக்கை மட்டும் நிறுத்தும். லைவ்னஸுக்குள் டேட்டாபேஸ் இணைப்பைச் சோதித்தால், டேட்டாபேஸ் அரை நிமிடம் தடுமாறியதும் நலமாக இருந்த பாட்கள் எல்லாம் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் புது இணைப்பு கேட்டு, எழுந்துகொண்டிருந்த டேட்டாபேஸை மறுபடி படுக்க வைக்கும். இயல்பு மதிப்புகள் 10 விநாடிக்கு ஒரு சோதனை, 3 தோல்வி, 1 விநாடி டைம்அவுட். அந்த 1 விநாடியைக் கவனியுங்கள்: மேலே சொன்ன சிபியு த்ராட்டிலில் மாட்டிய பாட், பதில் சொல்லத் தாமதித்த குற்றத்துக்காகவே கொல்லப்படலாம். ‘நான் உறைந்துபோய்விட்டேனா’ என்பதைத் தவிர வேறு எதையும் லைவ்னஸில் கேட்காதீர்கள். மெதுவாக எழும் நிரலுக்கு ஸ்டார்ட்அப் ப்ரோப் தனியாக இருக்கிறது.

இமேஜும் ரகசியங்களும், சுருக்கமாக

இமேஜ் என்பது கன்டெய்னருக்கான கோப்புகளை லேயர் லேயராக அடுக்கிய தொகுப்பு. ஒரு லேயரில் சாவிக் கோப்பைச் சேர்த்து அடுத்த லேயரில் அழித்தால் அது போகாது. மேல் லேயரில் ‘இல்லை’ என்ற குறி விழுகிறது, அவ்வளவே. இமேஜைப் பிரித்தால் கீழே சாவி அப்படியே இருக்கும். அளவும் குறையாது. குபெர்நெட்டிஸ் சீக்ரெட்டில் இருப்பது பேஸ்64 குறியேற்றம், பூட்டு அல்ல. தனியாக என்க்ரிப்ஷனை இயக்காவிட்டால் குபெர்நெட்டிஸின் தரவுக்கிடங்கான எட்சிடியில் அது வெட்டவெளியாகவே சேமிக்கப்படும். யூசர் நேம்ஸ்பேஸ் இல்லாத கன்டெய்னரில் ரூட் என்றால் நோடிலும் அதே எண் 0 ரூட். கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் ரன்சி கருவியில் 2019 பிப்ரவரியில் வெளிவந்த ஓட்டையில், அந்த ரூட்டை வைத்து நோடில் இருந்த ரன்சி கோப்பையே மாற்றி எழுத முடிந்தது. டாக்கரையே கட்டுப்படுத்தும் டாக்கர் சாக்கெட்டை உள்ளே மவுன்ட் செய்தால் ஓட்டையே தேவையில்லை.

எட்சிடி சர்வர்களை மூன்றிலிருந்து நான்காக்கினால் பலம் கூடும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. நான்கில் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும், ஆகவே தாங்கும் இழப்பு அதே ஒன்று. ஐந்து ஆக்கினால்தான் இரண்டு.

கடைசியாக, க்ராஷ்லூப்பேக்ஆஃப் என்று பார்த்ததும் பாட்டை அழித்துவிட்டு அடுத்தது வருமா என்று காத்திருப்பவர்கள் ஆதாரத்தையும் சேர்த்து அழிக்கிறார்கள். அந்தச் சொல் நோயின் பெயர் அல்ல. 10, 20, 40 விநாடி என்று இரட்டித்து 5 நிமிடம் வரை போகும், ரீஸ்டார்ட்டுக்கு முந்தைய காத்திருப்பின் பெயர். முதலில் குபெர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்-சிடிஎல்லின் லாக்ஸ் கட்டளையை ப்ரீவியஸ் ஃபிளாக்கோடு கொடுத்துச் செத்த கன்டெய்னரின் லாகை எடுத்து வையுங்கள். அடுத்து டிஸ்கிரைப் கொடுத்து எக்ஸிட் கோடையும் ஈவென்ட்களையும் நகலெடுங்கள். ஈவென்ட்கள் இயல்பாக 1 மணி நேரம்தான் தங்கும், ஆகவே சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று விட வேண்டாம்.