பகிர்ந்த மரத்தில் கிளையை வெட்டி ஒட்டாதீர்கள்

பலர் ஒரே நேரத்தில் திருத்தும் செயலிகளில் கோப்புறைக்குள் கோப்புறை மாதிரி அடுக்கடுக்கான தரவு, அதாவது மரம், எப்படியும் வந்துவிடும். பலரின் மாற்றங்களை ஒன்றிணைக்கும் ஒய்ஜேஎஸ் (Yjs), ஆட்டோமெர்ஜ் (Automerge) போன்ற நிரல் நூலகங்கள் இருக்கின்றன, மோதல்களை அவை பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். பார்த்துக்கொள்ளும்தான், நாம் அதற்கு இடம் கொடுத்தால்.

முழு ஜேசனையும் (JSON, தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) ஒரே மதிப்பாகத் திணித்தால் இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் தலைப்பையும் இன்னொருவர் தேதியையும் மாற்றினால் ஒருவரின் மாற்றம் மற்றவருடையதை விழுங்கிவிடும்.

இன்னொன்று கண்ணில் படாதது. ‘குறிச்சொற்கள்’ என்ற பெயரில் மேப் (பெயருக்கு ஒரு மதிப்பு என்று சேமிக்கும் அமைப்பு) இல்லையென்றால் புதிதாக உருவாக்கு என்று எழுதியிருப்போம். இணையம் இல்லாத இரண்டு மடிக்கணினிகளில் இது ஓடினால், ஒரே பெயரில் இரண்டு வேறு மேப்கள். ஒத்திசையும்போது ஒன்றுதான் நிற்கும். மற்றதில் எழுதியது போச்சு. ஒய்ஜேஎஸ்ஸில் ஆவணத்தின் மேல்மட்டத்திலேயே பெயர் சொல்லி மேப்பை எடுத்தால் இந்த வம்பு இல்லை.

நான் நன்றாக மாட்டிக்கொண்டது இடமாற்றத்தில். என் பணிப்பட்டியல் செயலியில் அட்டையை ‘முடிந்தவை’க்கு இழுத்தால், பழையது அழிந்து அதன் நகல் புது இடத்தில் செருகப்படும். இரண்டு பேர் ஒரே அட்டையை இழுத்தார்கள், அட்டை இரண்டானது. ஒருவர் இழுத்தபோது இன்னொருவர் அதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவர் எழுதியது அழிந்த அட்டையோடு போனது. பிறகு எல்லா அட்டைகளையும் அடையாள எண் வாரியாக ஒரே தட்டையான மேப்பில் வைத்து, தாய் யார், அதாவது அது எதற்குள் இருக்கிறது என்பதை அந்தந்த அட்டையிலேயே எழுதினேன். இழுத்தால் அந்தக் குறிப்பு மட்டும் மாறும், அட்டை அழியாது.

அதிலும் ஒரு குழி உண்டு. நான் ‘அ’வை ‘ஆ’வுக்குள் போடுகிறேன், அதே நொடியில் நீங்கள் ‘ஆ’வை ‘அ’வுக்குள் போடுகிறீர்கள். ஒன்றுக்கொன்று தாயாகி, இரண்டும் மரத்திலிருந்தே கழன்றுவிடும். இப்படிச் சுழல் உண்டாக்கும் மாற்றத்தைத் தங்கள் சர்வர் நிராகரிக்கும் என்று, பலர் சேர்ந்து வடிவமைக்கும் செயலியான ஃபிக்மா 2019-இல் விளக்கியது. நடுவில் சர்வரே இல்லாமல் இதைத் தீர்க்கும் வழியை ஆராய்ச்சியாளர் மார்ட்டின் கிளெப்மானும் சகாக்களும் 2021-இல் வெளியிட்டார்கள்: நகர்த்தல்களை நேர முத்திரைப்படி வரிசைப்படுத்தி, சுழல் உண்டாக்குவதை மட்டும் விட்டுவிடுவது.

தாயையும் உடன்பிறப்புகளுக்கு இடையிலான வரிசையையும் தனித்தனியாக வைக்காதீர்கள். ஒருவர் போட்ட தாயும் இன்னொருவர் போட்ட வரிசையும் கலந்தால், இருவருமே வைக்காத இடத்தில் அட்டை போய் உட்காரும். ஃபிக்மா இரண்டையும் ஒரே பண்பில்தான் வைக்கிறது.