நொதியின் இருப்பிடத்தைப் படிப்பது எப்படி?

வேலூரில் ஆய்வக நுட்புநர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள். நொதிகளின், அதாவது செல்லில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் என்சைம்களின், பெயர்களை மடமடவென்று ஒப்பிப்பார்கள். ஒரு நொதி செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். என் கணக்கில் முதலில் படிக்க வேண்டியதே அதுதான்.

பட்டியலை மூடிவிட்டு, முழுத்தாளில் கல்லீரல் செல் ஒன்றைப் பெரிதாக வரையுங்கள். வெளிச்சவ்வு, உட்கரு, செல்லை நிரப்பும் கூழான சைட்டோபிளாசம், அதற்குள் சவ்வால் மூடிய அறைகளாக நான்கைந்து மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம், பெராக்சிசோம், எண்டோபிளாச வலை. இனி நொதிகளை, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் சுருக்கப் பெயர்களோடு, பென்சிலால் அதனதன் இடத்தில் எழுதுங்கள். எஸ்.ஜி.பி.டி., எல்.டி.எச். இரண்டும் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில். எஸ்.ஜி.ஓ.டி. சைட்டோபிளாசத்திலும் உண்டு, மைட்டோகாண்ட்ரியாவிலும் உண்டு. கல்லீரலில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவில்தான். ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. இரண்டும் சவ்வோடு ஒட்டியவை. கேட்டலேஸ் பெராக்சிசோமில், குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் எண்டோபிளாச வலையில், அமில பாஸ்படேஸ் லைசோசோமில்.

அந்தக் கடைசி நொதிக்கு ஒரு அருமையான வரலாறு உண்டு. 1949இல் பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவ் எலியின் கல்லீரலை அரைத்து அளந்தபோது, அமில பாஸ்படேஸ் வேலை செய்யும் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அதே கலவையைக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்து அளந்தால் வேகம் ஏறியிருந்தது. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது. பை கிழிந்ததும் வெளியே வந்தது. அந்தப் பைக்கு 1955இல் லைசோசோம் என்று பெயர் சூட்டினார். 1974இல் நோபல் பரிசும் பெற்றார்.

படம் முடிந்ததா? இப்போது ஒரு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். செல் அடிபட்டால் அதன் நொதி இரத்தத்தில் கசியும்; அந்த அளவைத்தான் ரிப்போர்ட் காட்டுகிறது. வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் முற்றத்தில் கிடப்பதுதான் முதலில் களவு போகும். உள்ளறைப் பெட்டி போக வேண்டுமென்றால் உள்ளேயும் கதவு உடைய வேண்டும். சைட்டோபிளாசம்தான் முற்றம், மைட்டோகாண்ட்ரியா உள்ளறை. வைரஸ் மஞ்சள்காமாலையில் பொதுவாக எஸ்.ஜி.பி.டி. முந்திக்கொள்வதை இப்படிப் பாருங்கள். மதுவால் கெட்ட கல்லீரலில் மைட்டோகாண்ட்ரியாவும் அடிபடுகிறது, எஸ்.ஜி.ஓ.டி. பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி6 குறைவதால் எஸ்.ஜி.பி.டி. தாழ்ந்து தெரிவதும் சேர்ந்துகொள்கிறது. பித்தநாளம் அடைபட்டால் சவ்வில் உள்ள ஏ.எல்.பி.யும் ஜி.ஜி.டி.யும் சேர்ந்து ஏறும். ஏ.எல்.பி. மட்டும் ஏறி ஜி.ஜி.டி. அசையாமல் இருந்தால் எலும்பை நினையுங்கள். வளரும் பிள்ளைக்கு அது இயல்பே. நோய் எது என்று முடிவு செய்வது மருத்துவர். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் நமக்குப் போதும்.

அடுத்து சிவப்பணுவை வரையுங்கள். உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆனால் எல்.டி.எச். அதில் நிறைந்து கிடக்கிறது, எஸ்.ஜி.ஓ.டி.யும் உண்டு. சிவப்பணு உடைந்தால் இவை சீரத்தில் கலந்து அளவைக் கெடுக்கும். ஆகவே இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்த குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே வைக்கோல் மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் என்னும் தெளிந்த நீர் ரோஜா நிறத்தில் இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. குழாயை வேகமாகக் குலுக்கினாலும், சிரிஞ்சை இழுத்துப் பீய்ச்சினாலும், சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் கிடந்தாலும் இப்படி ஆகும். அந்தக் குழாயில் எல்.டி.எச். அளக்காதீர்கள்; வேறு இரத்தம் கேட்டு வாங்குங்கள்.